சுரபி நாடகம் பார்க்கப் போகிறீர்களா? பத்து வரிசை தள்ளி உட்காருங்கள்

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுரபி நாடகக் குழு பக்கத்து ஊருக்கு வருகிறது என்று எங்கேயாவது போஸ்டர் கண்ணில் பட்டால், தெலுங்கு நாடகம்தானே, நமக்கு என்ன புரியப்போகிறது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறேன். போன தை மாதம் திருப்பதியில் மூன்று நாள் ஆடினார்கள். முதல் நாள் பக்த பிரகலாதா, நடுவில் ஒரு நாள் என்னால் போக முடியவில்லை, மூன்றாவது நாள் மாயாபஜார். இரண்டு நாளும் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து ஆகப்போகிறது, முழங்கால் வலி, ஒரு காது கொஞ்சம் மந்தம். பையனுக்கு எட்டு வயது. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு நாடகத்துக்குப் போய்வருவது எப்படி, எங்கே தப்பு செய்தோம், அடுத்த நாள் எதை மாற்றினோம் என்பதையெல்லாம் சொன்னால் யாருக்காவது உதவும்.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இது ஒரு குடும்பம் நடத்துகிற நாடகக் கம்பெனி. கடப்பா மாவட்டத்தில் சுரபி என்று ஒரு கிராமம். 1885-ல் அங்கே ஒரு கல்யாண வீட்டில் கீசக வதம் ஆடினார்கள், அதுதான் தொடக்கம். வனாரச கோவிந்தராவ் பெயரைத்தான் நிறுவியவர் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் இவர்கள் மராட்டியப் பக்கத்திலிருந்து வந்து தோல்பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள். பொம்மையை விட்டு மேடைக்கு வந்தவர்கள் அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அப்பா, பிள்ளை, மருமகள், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஆடுகிறார்கள். ஆம்பிளைகளே சேலை கட்டிப் பெண் வேஷம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்கள் வீட்டுப் பெண்கள் மேடையேறிவிட்டார்கள். 1932-ல் வந்த தெலுங்கின் முதல் பேசும்படம் பக்த பிரகலாதாவில் லீலாவதியாக நடித்தவர் சுரபி கமலாபாய், இந்தக் குடும்பத்துப் பெண். அந்தப் படத்துக்கு அடிப்படையே இவர்கள் ஆடிய நாடகம்தான். ஒரு காலத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஆந்திரா முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள், இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்கள்தான். அதில் ஸ்ரீ வேங்கடேஸ்வர நாட்டிய மண்டலியை நீண்டகாலம் நடத்திவந்த நாகேஸ்வர ராவ், எல்லோரும் பாப்ஜி என்று கூப்பிடுவார்கள், அவருக்கு 2013-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022-ல் தவறிவிட்டார். அதற்குப் பிறகும் குடும்பம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ஊரில் இதைக் கேட்கிற பெரியவர்களுக்கு உடனே வேறு பெயர்கள் ஞாபகம் வரும். நமக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தார், சிறுவர்களை வைத்து ஆடிய பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன, நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் சீன் செட்டிங்கைப் பற்றித் தாத்தா காலத்து ஆட்கள் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார்கள், அப்புறம் ஆர். எஸ். மனோகர். எங்கள் அம்மா சின்ன வயதில் சென்னையில் அவள் அத்தை வீட்டில் இருந்தபோது மனோகர் நாடகம் பார்த்திருக்கிறாள். மேடையில் மாயம் மாதிரி ஒன்று மறைந்து ஒன்று வந்ததை இன்றைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அந்தக் கொட்டகைகள் எதுவும் இப்போது நமக்கு இல்லை. ஆனால் அதே வகை வேலை, திரையும் கயிறும் வெளிச்சமும் வைத்துச் செய்கிற அந்த வேலை, நம்மிடமிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்துக்கு அவ்வப்போது வந்து போகிறது. அதனால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

மொழி விஷயம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய தடையே இல்லை. கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்றுதானே வளர்ந்தோம். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இந்த ஆந்திரப் பக்கம் நின்றன, ஆனால் பேச்சு இரண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கிறது. கஷ்டம் வசனத்தில் வராது, பத்யத்தில்தான் வரும். பத்யம் என்றால் செய்யுளை ராகம் இழுத்துப் பாடுவது, நடுநடுவே கதை நின்றுவிடும், ஆள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நீளமாகப் பாடுவார், முடிக்கும்போது தெலுங்குக்காரர்கள் கை தட்டி "வன்ஸ் மோர்" என்று கத்துவார்கள். சொல் புரியாவிட்டாலும் குரல் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று கவனித்தால் கோபமா கெஞ்சலா என்று தெரிந்துவிடும். நம் ஊரில் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடக்கும்போது பகலில் கதை கேட்டு ராத்திரி கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை.

ஆனால் ஒன்று செய்யுங்கள். போகிற முன்னால் பிள்ளைகளுக்குக் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். மாயாபஜார் என்றால் நமக்கு வத்சலா கல்யாணம். தெலுங்கில் வத்சலாவுக்குப் பெயர் சசிரேகா. இது தெரியாமல் முதல் அரை மணி நேரம் அம்மா என்னைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"யாருடா அந்த சசிரேகா?"

"நம்ம வத்சலாதாம்மா. பலராமன் பொண்ணு."

"அதை முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் வேற யாரோன்னு நெனச்சு உக்காந்திருக்கேன்."

அதோடு அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அபிமன்யு யார், லட்சுமண குமாரன் யார், பலராமன் ஏன் பேச்சு மாறினான், கடோத்கஜன் ஏன் பொண்ணு வேஷம் போட்டு வருகிறான் என்று அவளே பையனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். பேரன் பாட்டி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள், நீங்கள் நிம்மதியாக நாடகம் பார்க்கலாம்.

இப்போது பாஸ் விஷயம். நாங்கள் போனதற்கு டிக்கெட் கிடையாது, நடத்தியவர்கள் இலவச பாஸ் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, சில ஊரில் டிக்கெட் போட்டும் ஆடுகிறார்கள், அதனால் விசாரித்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் திருப்பதியில் காலேஜ் படிக்கிறாள். அவள்தான் இரண்டு நாள் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்று நாலு பாஸ் வாங்கி வைத்தாள். பாஸில் சீட் நம்பர் கிடையாது, முன்னால் வந்தவர் முன்னால் உட்காரலாம். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் இலவசம் என்றால் நம் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கர்சீப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள்.

தேதி பார்க்கும்போது திருப்பதியில் கோவில் கூட்டம் எப்படி என்று யோசியுங்கள். சனி, ஞாயிறு, தொடர்ச்சியாக லீவு வருகிற நாட்கள், வைகுண்ட ஏகாதசி, பிரம்மோற்சவம் என்றால் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கேட்டால் மனசு வராது, ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். வார நாளாக இருந்தால் அதைப் பிடியுங்கள். நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமையும் ஒரு சனிக்கிழமையும். வியாழக்கிழமை ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி ரேணிகுண்டா வழியாகச் சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை பஸ்ஸில் போனோம், பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும்போது கவலைப்பட வேண்டாம், திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாகச் சென்னைக்குப் போகிற பஸ்கள் ராத்திரியிலும் ஓடுகின்றன. ஆனால் நின்றுகொண்டு வர வேண்டியிருந்தால் வயசானவர்களுக்குக் கஷ்டம், அதனால் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறுங்கள், வழியில் கை காட்டி நிறுத்தலாம் என்று நம்பாதீர்கள்.

மாலை ஆறு மணி என்று போட்டிருந்தார்கள். ஆறு மணிக்குத் திரை தூக்குவார்கள் என்று நம்பி ஐந்தரைக்குள் ஓட்டமாக ஓடினோம். ஆறு மணிக்குத் தொடங்கியது பாராட்டு விழா. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஒவ்வொருவருக்கும் சால்வை, சால்வை போட்டவருக்கு ஒரு சால்வை. நாடகம் ஆடப்போகிறவர்கள் முகத்தில் அரிதாரம் போட்டுக்கொண்டு உள்ளே காத்திருக்கிறார்கள், வெளியே ஐம்பது நிமிஷம் பேச்சு. குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. இதை நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும். நூறு பேச்சு பேசி அந்தக் கலையை வாழவைக்க முடியாது, சொன்ன நேரத்துக்குத் திரையைத் தூக்கினாலே போதும், ஜனங்கள் அடுத்த தடவையும் வருவார்கள். சனிக்கிழமை இதைத் தெரிந்துகொண்டு ஆறே காலுக்குத்தான் உள்ளே போனோம், அப்போதும் இடம் இருந்தது. ஆனால் இதை நம்பி எல்லோரும் தாமதமாகப் போகாதீர்கள், ஒருநாள் சரியாகத் தொடங்கிவிட்டால் முதல் காட்சி போய்விடும், சுரபிக்காரர்களின் முதல் காட்சி விடக்கூடாத ஒன்று.

பாராட்டு விழா முடிந்ததும் ரிப்பன் கட்டி வைத்திருந்த முன் வரிசையிலிருந்து பெரிய மனிதர்கள் எழுந்து போனார்கள். உடனே பின்னால் இருந்த கூட்டம் முன்னால் பாய்ந்தது. அம்மாவுக்குக் காது சரியில்லையே என்று நானும் பாய்ந்து இரண்டாவது வரிசையைப் பிடித்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

இரண்டாவது வரிசையில் சத்தம் நன்றாகக் கேட்டது, அதில் குறை இல்லை. ஆனால் மேடை உயரம், கழுத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலது ஓரத்திலிருந்து பார்த்தால் இடது பக்கத்து விங்கின் உள்ளே தெரிந்தது, அங்கே ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், அதே அம்மா பத்து நிமிஷம் கழித்து மேடைக்கு வந்து அழுது பாடினார்கள். தேவர்கள் வானத்திலிருந்து இறங்கும்போது அவர்களைத் தூக்கிப் பிடித்த கம்பி வெளிச்சத்தில் மின்னியது. தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வருகிற இடத்தில் பட்டென்று நெருப்பும் புகையும் கிளம்பியதும் பையன் பயந்து என் மடியில் ஏறிவிட்டான். அவனுக்கு ஆச்சரியம் வரவேண்டிய இடத்தில் பயம் மட்டும்தான் வந்தது. நாடகம் அருமையாக இருந்தது, பிரகலாதனாக நடித்த சிறுமிக்குப் பத்து வயசுகூட இருக்காது, அவ்வளவு பெரிய இரணியன் முன்னால் நின்று கொஞ்சமும் நடுங்காமல் பாடினாள். ஆனால் எங்கள் இடம் சரியில்லை.

இது ஏன் என்று யோசித்தால் புரியும். இவர்களுடைய மேடை தூரத்திலிருந்து பார்ப்பதற்காகவே செய்யப்பட்டது. பின்னால் வரிசையாகத் தொங்குகிற படுதாக்கள் எல்லாம் கையால் எழுதியவை. அரண்மனைத் தூண்கள், காடு, ஆறு, தெரு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுருட்டி மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு காட்சி முடிந்ததும் கண்மூடித் திறப்பதற்குள் ஒன்று மேலே போய் இன்னொன்று இறங்கிவிடும். பக்கத்தில் இருந்து பார்த்தால் பெயிண்டும் துணிச் சுருக்கமும் தெரியும். பத்துப் பன்னிரண்டு வரிசை தள்ளிப் போனால் அதே படுதாவில் தாழ்வாரம் உள்ளே உள்ளே போகிற மாதிரி இருக்கும், ஆள் அதற்குள் நடந்துபோவது மாதிரியே தோன்றும். கம்பியும் நூலும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. தோல்பொம்மை ஆட்டிய குடும்பம் இல்லையா, வெளிச்சம் எங்கே விழ வேண்டும், பார்க்கிறவன் எங்கே உட்கார வேண்டும் என்கிற கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பதினோராவது வரிசையில் நடுப் பாதையை ஒட்டி உட்கார்ந்தோம். காது விஷயத்துக்காக அம்மாவை, நல்ல காது ஸ்பீக்கர் இருக்கிற பக்கம் வருகிற மாதிரி உட்கார வைத்தோம், அது போதுமாக இருந்தது. பாதையை ஒட்டிய சீட் என்பதால் அவள் காலை நீட்டிக்கொள்ள முடிந்தது, நடுவில் எழுந்து பாத்ரூம் போகவும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை. பையன் உயரத்துக்கு முன்னால் இருப்பவர் தலை மறைத்தது, என் பையை அவன் அடியில் வைத்தேன், சரியாகிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அன்றைக்குப் பார்த்ததுதான் நாடகம்.

கடோத்கஜன் முதலில் வருகிற காட்சியில் மேடை முழுக்க இருட்டு, ஒரு சிரிப்பு மட்டும் கேட்கிறது. வெளிச்சம் வந்ததும் அங்கே காடு இருக்கிறது, அதற்கு முன்னால் அரை நிமிஷம் முந்தி அங்கே துவாரகை அரண்மனை இருந்தது. அபிமன்யுவும் கடோத்கஜனும் அண்ணன் தம்பி என்று தெரியாமல் சண்டை போடுகிறார்கள் இல்லையா, அங்கே இரண்டு பக்கமிருந்தும் அம்பு கிளம்பி நடு மேடையில் மோதிப் பொறி பறக்கிறது. சினிமாவில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் நிஜமாகவே நம் கண்ணுக்கு முன்னால் இரண்டு பொருள் காற்றில் வந்து மோதும்போது மண்டபமே ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அந்தச் சத்தத்தை நான் எந்த சினிமா தியேட்டரிலும் கேட்டதில்லை. தூங்குகிற சசிரேகாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். கட்டில் மேடையை விட்டு மெதுவாக எழும்பி, ஆடாமல், ஓரமாகப் போய் மறைந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் கல்யாணச் சாப்பாட்டுக் காட்சி. கடோத்கஜன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், முன்னால் பெரிய பெரிய தாம்பாளத்தில் லட்டு. அவன் வாயைத் திறக்கிறான், தாம்பாளத்திலிருந்து ஒரு லட்டு தானாக எழும்பி வாய்க்குள் போகிறது. மறுபடி ஒன்று. அவன் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் அது இந்தப் பக்கம் வருகிறது. தபேலாக்காரர் ஒவ்வொரு லட்டுக்கும் ஒரு அடி போடுகிறார். நாலாவது லட்டு வாய்க்குப் பக்கத்தில் வந்து ஒரு நொடி நின்றது, அவன் அதைப் பார்த்தான், அது அவனைப் பார்த்த மாதிரி இருந்தது, டக்கென்று உள்ளே போனது. என் பையன் சீட்டின் மேலேயே எழுந்து நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர் திட்டுவார் என்று திரும்பினேன், அவர் பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

இதெல்லாம் நூல்தான், நூல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நூலை இழுக்கிறவர் தபேலா அடியோடும் நடிகர் வாயோடும் ஒத்துப் போகிறாரே, அதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும். நாம் போனில் பார்க்கிற கிராபிக்ஸில் தப்பு நடக்காது, நடந்தாலும் திருத்தித்தான் நமக்குக் காட்டுவார்கள். இங்கே ஒவ்வொரு ராத்திரியும் தப்பு நடக்கலாம், நடக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த உஷார் மேடையிலிருந்து கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் வந்துவிடுகிறது, அதனால்தான் இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

பாட்டும் வாசிப்பும் நேரடியாகத்தான். மேடைக்குக் கீழே ஓரமாக ஆர்மோனியமும் தபேலாவும் கீபோர்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நடிகர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடுகிறார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தின் சவுண்டு ஏற்பாடுதான் காரியத்தைக் கெடுத்தது. இரண்டு தடவை மைக் கீச்சென்று கத்தியது, பலராமன் பேசின பாதி வசனம் பின்னால் வரவே இல்லை. மண்டபம் நடத்துகிறவர்கள் ஏசியை முழுசாக வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், கேட்பதற்கு ஆளைத் தேடினால் கிடைக்கவில்லை. ஒரு சால்வை கட்டாயம் கொண்டுபோங்கள். பார்க்கிங் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, கார் கொண்டுபோனால் நாடகம் முடிந்து வெளியே வர அரை மணி நேரம் ஆகும், நண்பர் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டார்.

கால் முடியாதவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன் வாசலில் பன்னிரண்டு படி இருந்தது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. வியாழக்கிழமை அம்மா ஒவ்வொரு படியாக ஏறினாள், நான் பின்னால் நின்றேன். பக்கவாட்டில் சாமான் ஏற்றுகிற சாய்தளம் ஒன்று இருக்கிறது என்று சனிக்கிழமைதான் அக்கா மகள் கண்டுபிடித்தாள். "மாமா, அந்தப் பக்கம் சுரபிக்காரங்க பெட்டி எறக்குறாங்க, அங்கேயே பாட்டிய கூட்டிட்டு வாங்க" என்றாள். அங்கே நின்றிருந்த குழுக்காரர் ஒருவர் பெட்டியை ஓரமாகத் தள்ளி வழி விட்டார், "மெல்லகா, மெல்லகா அம்மா" என்று கையையும் பிடித்தார். நாடகம் தொடங்கியதும் பார்த்தால் அவர்தான் சகுனி. இவர்கள் எல்லோரும் எல்லா வேலையும் செய்கிறார்கள், பெட்டி இறக்குகிறவர்தான் படுதா கட்டுகிறார், அவரே வேஷமும் போடுகிறார். எந்த மண்டபமாக இருந்தாலும் சாமான் போகிற வழி ஒன்று படி இல்லாமல் இருக்கும், முன்னாடியே போய்ப் பார்த்து வையுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் மண்டபத்து கேன்டீனை நம்ப வேண்டாம். இடைவேளை கால் மணி நேரம், ஒரே ஒரு கவுன்ட்டர், டீ கைக்கு வரும்போது மணி அடித்துவிட்டது. நாங்கள் சனிக்கிழமை வீட்டிலிருந்தே புளிசாதமும் வடாமும் கட்டிக்கொண்டு போனோம், ஆறு மணிக்கு முன்னால் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போனோம். பையனுக்கு மட்டும் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

இன்னும் ஒன்று, போனில் படம் எடுப்பது. யாரும் தடுக்கவில்லை, அதனால் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்தார்கள். இருட்டில் நடக்கிற காட்சி இவர்களுக்கு உயிர். கடோத்கஜன் வருகிற அந்த இருட்டில் எனக்கு முன்னால் ஆறு போன் வெளிச்சம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லட்டு பறப்பது வீடியோவில் ஒன்றுமே இல்லை, நான் பிறகு போட்டுப் பார்த்தேன், ஏதோ மஞ்சளாக ஆடுகிறது, அவ்வளவுதான்.

எந்த நாடகத்துக்குப் போவது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாயாபஜார்தான், யோசிக்கவே வேண்டாம். பாதாள பைரவியும் மந்திரதந்திரம் நிறைந்தது என்று தெலுங்கு நண்பர்கள் சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. பிரகலாதா நல்ல நாடகம், ஆனால் ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகள் நரசிம்மரைப் பார்த்துப் பயப்படும், நெருப்பு வருகிறது என்று முன்னாடியே சொல்லி வையுங்கள். வீரபிரம்மேந்திர சுவாமி கதையும் ஆடுகிறார்கள், அது பெரியவர்களுக்கு. நவீன நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு தகவல், கன்னடத்து பி. வி. காரந்த் 1990களில் இவர்களோடு சேர்ந்து வேலை செய்து புது நாடகங்கள் போட்டிருக்கிறார், அதனால் பழைய புராணம் மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம், குடும்பங்கள் பெரும்பாலும் லிங்கம்பள்ளி பக்கம் சுரபி காலனியில்தான் இருக்கின்றன, நாம்பள்ளி பப்ளிக் கார்டனில் பல வருஷம் தொடர்ந்து ஆடியவர்கள்.

நாடகம் முடிந்ததும் உடனே ஓடாதீர்கள். எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள், நடித்தவர்கள், வாசித்தவர்கள், திரை இழுத்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும். அங்கேதான் அது எவ்வளவு பெரிய குடும்பம் என்று தெரியும். நாங்கள் போன அன்று கைக்குழந்தை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதன் நெற்றியில் பெரிய மை பொட்டு. பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள், இருந்த பாதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினோம். மேடை ஓரத்தில் ஒரு உண்டியல் மாதிரி பெட்டி வைத்திருந்தார்கள், இலவசமாகப் பார்த்தோமே என்று நாங்கள் ஐந்நூறு போட்டோம். முடிந்தவர்கள் போடுங்கள். நாலு பேர் ஒரு சினிமாவுக்குப் போனால் பாப்கார்னுக்கே அவ்வளவு ஆகிறது.

அக்கா மகள் மேடைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குக் காலேஜ் புத்தி, எல்லாம் எப்படி என்று தெரிய வேண்டும். திரும்பி வந்து, "மாமா, அந்த லட்டு இருக்கில்ல, அது என்ன பண்றாங்கன்னா" என்று தொடங்கினாள். அம்மா அவள் வாயில் கையை வைத்துவிட்டாள். "அவன் முன்னாடி சொல்லாதடி. அவன் பெரியவனாகி அவனே போய்ப் பாத்துக்கட்டும்."

பஸ்ஸில் நகரி வருகிற வரைக்கும் பையன் தூங்கவில்லை. வீட்டில் மறுநாள் காலையில் ஒரு உருண்டை வெல்லத்தில் தையல் நூல் கட்டித் தொங்கவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றான். பாட்டிதான் நூலை இழுத்தாள். அவளுக்கு இப்போது லவகுசா பார்க்க வேண்டுமாம், எப்போது வருவார்கள் என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். சித்தூரிலோ புத்தூரிலோ யாராவது போஸ்டர் பார்த்தால் கீழே சொல்லுங்கள், இந்த முறை பாஸ் வாங்க நானே முதல் நாள் போய் நிற்கிறேன்.